லேசான பக்கவாதம்: வீடு திரும்பிய பிறகு செய்ய வேண்டியவை

"வாப்பாவுக்கு லேசா வாய் கோணிச்சு, கை கொஞ்சம் மரத்துப்போச்சு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க. இப்ப அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்காங்க."

நலம் விசாரிக்க வருபவர்களிடம் நம் வீடுகளில் அடிக்கடி சொல்லப்படும் பதில் இது. கேட்டவர் நிம்மதியாகத் திரும்புவார். நோயாளியும் ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவார். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

'லேசான' என்ற சொல், மூளையில் இதுவரை ஏற்பட்ட பாதிப்பின் அளவை மட்டுமே குறிக்கிறது. இனி வரக்கூடிய ஆபத்தின் அளவை அது குறிப்பதில்லை. இரத்தக் குழாயை அடைத்த காரணம் உடலுக்குள் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சை சில நாட்களில் முடிந்துவிடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய சிகிச்சை வீட்டில்தான் நடக்கிறது. அதற்குப் பொறுப்பாளர் மருத்துவரோ மகனோ மகளோ அல்ல, நோயாளிதான்.

எதை 'லேசான' பக்கவாதம் என்கிறார்கள்?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ, வெடித்துக் கசிந்தாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. நோயாளியின் பேச்சு, பார்வை, முகத்தின் அசைவு, கை கால் பலம், தொடு உணர்வு ஆகியவற்றைச் சோதித்து மருத்துவர்கள் 0 முதல் 42 வரை மதிப்பெண் இடுவார்கள். மதிப்பெண் கூடக் கூட பாதிப்பு அதிகம். பொதுவாக 3க்குள், சில மருத்துவமனைகளில் 5க்குள் இருந்தால் அது லேசான பக்கவாதம்.

இதற்கு நெருங்கிய இன்னொன்றும் உண்டு. கை மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது போன்ற அறிகுறிகள் சில நிமிடங்களில், அல்லது ஒரு மணி நேரத்திற்குள் தானாக மறைந்துவிடும். இதைத் தற்காலிகப் பக்கவாதம் என்கிறார்கள். அடைத்த கட்டி தானே கரைந்துவிட்டதால் தப்பித்தோம் என்று பொருள். அடுத்த முறையும் அது கரையும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்தக் கட்டுரை அடைப்பால் வந்த லேசான பக்கவாதத்தைப் பற்றியது. இரத்தக் கசிவால் வந்தவர்களுக்கு மாத்திரைகள் வேறு. உங்களுக்கு வந்தது எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் 90 நாட்கள்

லேசான பக்கவாதத்திற்குப் பின் மீண்டும் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் சில நாட்களிலும் வாரங்களிலும்தான் மிக அதிகம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. லேசான அல்லது தற்காலிகப் பக்கவாதம் வந்தவர்கள் முன்பதிவு செய்து காத்திருந்து சிகிச்சை பெற்ற காலத்தில், 90 நாட்களுக்குள் 10.3 சதவீதம் பேருக்கு மீண்டும் பக்கவாதம் வந்தது. வந்த அன்றே சிகிச்சையைத் தொடங்கும் முறைக்கு மாறிய பின் அது 2.1 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்துகளையே தாமதமின்றிக் கொடுத்தார்கள்.

ஆகவே, "தானாச் சரியாயிடுச்சு, வெள்ளிக்கிழமை கழிச்சுப் பார்க்கலாம்" என்ற தள்ளிப்போடல் இந்த நோயில் கூடாது.

மாத்திரை: எத்தனை நாள், எது வரை?

இரத்தம் உறையாமல் தடுக்க, லேசான பக்கவாதம் வந்த பலருக்கு முதலில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகிய இரண்டும் சேர்த்துத் தரப்படும். சீனாவில் 5,170 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்திற்குள் தொடங்கி முதல் 21 நாட்கள் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 8.2 சதவீதம் பேருக்கும், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 11.7 சதவீதம் பேருக்கும் 90 நாட்களுக்குள் மீண்டும் பக்கவாதம் வந்தது.

குழப்பம் நேர்வது இந்த மூன்று வாரத்திற்குப் பிறகுதான். சிலர் இரண்டையும் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் பழைய சீட்டைக் காட்டி இரண்டையும் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இரண்டும் தவறு. நிறுத்தினால் மீண்டும் அடைப்பு வரலாம். தேவைக்கு மேல் இரண்டையும் தொடர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். எந்தத் தேதியில் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு, காலண்டரில் எழுதி வையுங்கள்.

இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பதால் கட்டி உருவாகி மூளைக்குப் போனவர்களுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு வகை மருந்து தரப்படும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையும் பெரும்பாலோருக்கு உண்டு. "கொலஸ்ட்ரால் நார்மல்" என்று அறிக்கை வந்ததும் அதை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை வேலை செய்வதால்தான் அது நார்மலாக இருக்கிறது.

மலம் கறுப்பாகப் போவது, ஈறிலோ மூக்கிலோ நிற்காமல் இரத்தம் வருவது, கடுமையான தசைவலி ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளையும் தவிருங்கள். அவற்றில் பல இரத்த அழுத்தத்தைக் கூட்டும். ஆஸ்பிரினுடன் சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும்.

பக்கவாதம் வந்த கை காலில் புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. கோளாறு இருப்பது மூளையின் இரத்தக் குழாயில். தோலின் மேல் தடவும் எதுவும் அங்கே போய்ச் சேராது. அதற்காக ஊர் ஊராக அலையும் நாட்கள்தான் சிகிச்சைக்கு மிக முக்கியமான நாட்கள்.

இரத்த அழுத்தத்தை நீங்களே அளக்கப் பழகுங்கள்

இந்தியா உட்பட 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு, பக்கவாதங்களில் பத்தில் ஒன்பதுக்கு நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே பின்னணி என்று கணக்கிட்டது. உயர் இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, கொழுப்பு, தவறான உணவுமுறை, தொப்பை, மன அழுத்தம், புகை, இதய நோய், மது, சர்க்கரை ஆகியவையே அந்தப் பத்து. முதலிடம் இரத்த அழுத்தத்துக்குத்தான்.

பக்கவாதம் வந்த பெரும்பாலோருக்கு 130/80க்குக் கீழே இரத்த அழுத்தம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல். உங்கள் வயதுக்கும் பிற நோய்களுக்கும் ஏற்ற இலக்கை மருத்துவர் சொல்வார். ஆனால் மாதம் ஒருமுறை மருத்துவமனையில் எடுக்கும் ஓர் அளவை வைத்து நிலவரத்தை அறிய முடியாது. மேல் கையில் கட்டி அளக்கும் கருவி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

அளக்கும் முறை:

- அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தேநீர், காபி, புகை கூடாது.
- நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் பட, ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள்.
- கையை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். அளக்கும்போது பேச வேண்டாம்.
- ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் தேதியுடன் நோட்டில் எழுதுங்கள்.
- காலையில் மாத்திரைக்கு முன்பும், மாலையிலும் அளப்பது போதும். பயந்துகொண்டு பத்து முறை அளக்கத் தேவையில்லை.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்ப் பாருங்கள். உங்கள் மாத்திரையின் அளவை அவர் முடிவு செய்வது எளிதாகிவிடும்.

உப்பும் புகையும்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறத்தாழ ஒரு சிறிய தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் நொறுக்குத் தீனி ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும். நோயாளிக்கு மட்டும் தனியாக உப்பில்லாமல் சமைத்தால் நான்கு நாளில் அவருக்கு வெறுத்துவிடும். வீடு முழுவதும் உப்பைக் குறைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. விருந்தில் பிரியாணி வந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். தினசரிச் சாப்பாட்டில் காய்கறி, பருப்பு, மீன் கூடட்டும். எண்ணெயில் பொரித்தவை குறையட்டும்.

பீடி, சிகரெட் ஆகியவற்றை 'குறைத்துக்கொள்வது' போதாது, முழுவதும் நிறுத்த வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மகன் புகைத்தாலும் அந்தப் புகை வாப்பாவின் இரத்தக் குழாய்க்குக் கேடுதான்.

கையும் காலும்: பயிற்சி என்பது பயன்படுத்துவதே

பாதிக்கப்பட்ட மூளைப் பகுதியின் வேலையை, சுற்றியுள்ள பகுதிகள் மெல்லக் கற்றுக்கொள்கின்றன. முதல் மூன்று மாதங்களில் இது வேகமாக நடக்கும். அதன் பிறகும் நின்றுவிடுவதில்லை. ஆனால் மூளை கற்றுக்கொள்ள ஒரு நிபந்தனை உண்டு: அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

பலம் குறைந்த கையை விட்டுவிட்டு நல்ல கையாலேயே எல்லாம் செய்து பழகினால், அந்தக் கையைப் பயன்படுத்துவதையே மூளை மறக்கத் தொடங்கிவிடும். அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டாப் இதை விளக்கி, நல்ல கையைக் கட்டுப்படுத்தி பலவீனமான கைக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை முறையையே உருவாக்கினார். லேசான பாதிப்பு உள்ளவர்கள் வீட்டு வேலைகளையே பயிற்சியாக்கிக்கொள்ளலாம். சட்டைப் பொத்தான் போடுவது, சில்லறையை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது, துணி மடிப்பது, செம்பிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது, பெயரைப் பத்து முறை எழுதுவது எல்லாமே பயிற்சிதான். வலது கை பாதிக்கப்பட்டிருந்தால் சோற்றைப் பிசைந்து கவளமாக எடுத்து உண்பதைவிட நல்ல விரல் பயிற்சி வேறில்லை. கொஞ்சம் சிந்தினால் சிந்தட்டும்.

பேச்சுக் குழறல் உள்ளவர்கள் தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கலாம். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது விழுங்குவதில் உள்ள பிரச்சினையாக இருக்கலாம்.

நடையைப் பொறுத்தவரை, முன்னே சொன்ன அமெரிக்க வழிகாட்டுதல் கேட்பது மிகக் குறைவுதான்: முடிந்தவர்கள் வாரத்தில் குறைந்தது நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது சற்று வேகமான நடை. முதலில் வீட்டு முற்றம், பிறகு தெரு முனை, பிறகு பள்ளிவாசல் வரை என்று கூட்டிக்கொண்டே போகலாம். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். தோள் வலி உள்ளவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டிற்கே வந்து தரப்படுகிறது. வெளியே செல்ல முடியாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பயன்பெறலாம்.

வெளியே தெரியாத பாதிப்புகள்

கை கால் சரியாகிவிட்ட பின்னும் பலரை வாட்டுவது களைப்பு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது உண்டு. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு இது. சோம்பேறித்தனம் என்று வீட்டார் நினைத்துவிடக் கூடாது. முக்கியமான வேலையை உடம்பு தெம்பாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, நடுவில் ஓய்வெடுங்கள்.

ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. காரணமின்றி அழுகை, எரிச்சல், யாரிடமும் பேசப் பிடிக்காமை, தூக்கமின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். இதை ஈமான் பலவீனம் என்று எண்ணி நோயாளி தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதில்லை. மூளைக்கு ஏற்பட்ட காயத்தின் விளைவாகவும் இது வரும். சிகிச்சையும் இருக்கிறது. இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைக் கணக்கில் பிழை விடுவது, ஒரே நேரத்தில் இருவர் பேசினால் குழம்புவது, அடுப்பில் வைத்ததை மறப்பது போன்றவையும் நேரலாம். நோட்டுப் புத்தகமும் கைபேசி அலாரமும் இதற்குத் துணை. பணம் புழங்கும் வேலையில் இருப்பவர் சில மாதங்களுக்கு இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்வது நல்லது. பைக், கார் ஓட்டுவதை மருத்துவர் அனுமதிக்கும் வரை தள்ளிவையுங்கள். பிரிட்டனில் பக்கவாதம் வந்தவர் குறைந்தது ஒரு மாதம் வாகனம் ஓட்டக் கூடாது என்பது விதி. கை பலமாக இருந்தாலும் பார்வையின் ஒரு பக்கமோ கவனமோ குறைந்திருந்தால் சாலையில் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல.

தொழுகையும் நோன்பும்

தடுமாற்றம் உள்ளவர் ஒளுச் செய்யும்போது உட்கார்ந்து செய்வதும், ஈரத் தரையில் வழுக்காத விரிப்புப் போடுவதும் விழுவதைத் தடுக்கும். ஸஜ்தாவிலிருந்து எழும்போது தலை சுற்றினால் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகை அது.

நோன்பு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. உடலில் நீர் வற்றுவதும் மாத்திரை தவறுவதும் இந்த நோயாளிக்கு ஆபத்தானவை. பக்கவாதம் வந்த சில மாதங்களுக்குள் ரமளான் வந்தால், நோன்பு வைப்பதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். அவர் அனுமதித்தால் மாத்திரை நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாற்றித் தருவார். நீங்களாக மாற்றவோ பகல் மாத்திரையை விடவோ வேண்டாம். அவர் வேண்டாம் என்றால், வேறு நாட்களில் நோற்கவும், அறவே முடியாதவர் ஏழைக்கு உணவளித்து ஈடுசெய்யவும் வழி இருக்கிறது.

வீட்டார் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது?

நம் வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை. சட்டை போட்டுவிட ஒருவர், ஊட்டிவிட ஒருவர், மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒருவர். இப்படியே ஆறு மாதம் போனால், லேசான பாதிப்பு உள்ளவரும் முழு நோயாளியாகிவிடுகிறார்.

இதைப் பற்றிச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகள் உள்ளன. பக்கவாதத்தால் இயலாமை ஏற்பட்டவர்களுக்குக் குடும்பத்தினரே வீட்டில் பயிற்சி கொடுத்தால் பலன் கூடுமா என்று இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் சோதித்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்திற்குப் பின் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இந்தியாவிலேயே 31 மையங்களில் 4,298 பேருக்கு அவரவர் மொழியில் குறுஞ்செய்தி, காணொளி, கையேடு ஆகியவற்றை ஓராண்டு அனுப்பிப் பார்த்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வில் மாத்திரை ஒழுங்காக எடுக்கும் பழக்கம் மேம்பட்டது. ஆனால் ஓராண்டுக்குள் மீண்டும் பக்கவாதமோ மாரடைப்போ வருவது குறையவில்லை.

நியூசிலாந்தில் வேறு வழியை முயன்றார்கள். வீடு திரும்பிய 400 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் பயிற்சி பெற்ற ஒருவர் ஓரிரு முறை உட்கார்ந்து பேசினார். அறிவுரை சொல்லவில்லை. "உங்கள் வாழ்க்கையில் எது முக்கியம்? அடுத்து என்ன செய்ய விரும்புகிறீர்கள்? அதற்கு என்ன வழி?" என்ற போக்கில் நோயாளியையே யோசிக்கவும் முடிவெடுக்கவும் வைத்தார். 2020இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் அவர்களின் உடல்நிலை மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. அன்றாட வேலைக்குப் பிறரைச் சார்ந்திருந்தோரும் குறைவு.

மூன்று ஆய்வுகளும் வெவ்வேறு நோயாளிகளிடம் நடந்தவை. ஒன்றோடொன்று நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் மூன்றாவது ஆய்வு காட்டும் வழி நமக்குச் செலவில்லாதது. அந்தக் கேள்விகளை நம் வீட்டிலும் கேட்கலாம். ஒருவருக்குப் பள்ளிவாசலுக்குத் தானே நடந்து போவது முக்கியமாக இருக்கலாம். இன்னொருவருக்குக் கடையைத் திறப்பது. ஓர் உம்மாவுக்குத் தன் கையால் இடியாப்பம் பிழிவது. அவர் சொல்வதே இலக்கு. அதைச் சிறு படிகளாகப் பிரித்து, இந்த வாரம் ஒரு படி என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். மாத்திரைப் பெட்டியை அவரே நிரப்பட்டும், நீங்கள் சரிபார்த்தால் போதும். அவசரம் இருந்தாலும் பொத்தானை அவரே போடும் வரை காத்திருங்கள்.

மீண்டும் அறிகுறி தெரிந்தால்

திடீரென நிலை தடுமாறுவது, பார்வை மங்குவது அல்லது இரட்டையாகத் தெரிவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ பலமிழப்பது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். தமிழகத்தில் 108, இலங்கையில் 1990, சவூதியில் 997, அமீரகத்தில் 998 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள். சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். வழியில் தண்ணீரோ, மாத்திரையோ, நீங்களாக ஓர் ஆஸ்பிரினோ கொடுக்க வேண்டாம். இந்த முறை வந்திருப்பது இரத்தக் கசிவாகவும் இருக்கலாம். அதை ஸ்கேன் எடுத்தே அறிய முடியும்.

அறிகுறிகளையும் ஆம்புலன்ஸ் எண்ணையும் நோயாளியின் மாத்திரைப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, வீட்டில் அனைவரும் பார்க்கும் இடத்தில் இன்றே ஒட்டிவையுங்கள். நோயாளிக்கு எழுத முடிந்தால், அந்தத் தாளை அவரே எழுதட்டும்.